செந்நாடா கட்டிய சாடி

கிழக்கே, நீர்ப்பரப்புக்கு அப்பால் நிமிர்ந்து நின்ற மலைகளின் முடியில் எஞ்சிக் கிடந்த பனியை இளங்கதிர் தொட்டுச் சிவப்பாக்கி, கடலைக் கடந்து வந்து, பழைய கோட்டையின் இரட்டைக் குன்றுகளை முதலிலும், ஊர்க்காவலராம் புனிதரின் கோவில் மணிக்கூண்டைப் பின்னரும், ஐந்தடுக்கும் ஆறடுக்குமாய் நெருங்கி நின்று ஒன்றன் வெயிலை மற்றொன்று மறைக்கும் பழைய வீடுகளை அதற்குப் பின்னருமாக ஒவ்வொன்றாய் எழுப்பிக்கொண்டு வந்தது. சந்துகளின் குறுக்கே கட்டிய கொடிகளில் இரவுப் பனியில் நனைந்து தொங்கிய போர்வைகள் அசையத் தொடங்கின. அடுமனைகளிலிருந்து திருவாரத்துக்கே உரிய இனிப்பு அப்பத்தின் மணம் எழுந்து ஈரக் கற்படிகளில் தவழ்ந்தது. எங்கோ ஒரு மாடியில் ஒருவன் ஊர்வலத்துக்கான துயரிசையைத் தன் ஊதுகொம்பில் பழகிப் பழகி, ஒரே இடத்தில் தவறித் தவறி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். கற்றறிந்த வாசகரே, கோர்ஃபு என்னும் தீவு நகரம் இறைமகனின் உயிர்ப்புப் பெருவிழாவுக்காகத் தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் வாரத்தின் திங்கட்கிழமை இவ்வாறு விடிந்தது.

அழகிய விடியல்தான்; மறுக்கவில்லை. ஆயினும் இந்நகரில் நெடுங்காலம் குடியிருக்கும் எனக்கு, இதன் அழகைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இதன் பூட்டுகளே நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கின்றன. பெரிய அரண்மனைக் காட்சிச்சாலைக்கு உலகமே திரண்டு செல்லட்டும், அது கிடக்கட்டும். சந்துக்குள் சந்தாய், மாடிக்கு மேல் மாடியாய், இரண்டறையிலும் மூன்றறையிலும் ஒளிந்து வாழும் சிறு காட்சிக்கூடங்கள் இங்குப் பல உண்டு. அவற்றின் வாயில்தோறும் திறந்திருக்கும் நேரம் பொறித்த பித்தளைத் தகடு பளபளக்கும். கதவோ இறுகச் சாத்தியிருக்கும். தகட்டைத் துலக்க ஆள் வைத்திருக்கிறார்கள், கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை. ஏறி வந்த படிகளை எண்ணி நொந்துகொண்டு இறங்குவதே அக்கூடங்களைக் காணச் செல்வோருக்கு வாய்க்கும் காட்சி.

அத்தகைய கதவொன்றின் முன்னேதான் அன்று காலை லூக்கியா வந்து நின்றாள். அகவை அறுபதை நெருங்கியவள். அக்கரை மலைநாட்டு நகரொன்றில் முதியோர் இல்லத்துச் செவிலி. இத்தீவிலே பிறந்தும், மணமாகிச் சென்றபின் தாயை அடக்கம் செய்ய ஒருமுறை வந்ததன்றி மீண்டும் கால் வைக்காதவள். இல்லத்தார் அவளுக்குச் சனிக்கிழமை நண்பகல் கப்பல் வரையே விடுப்பு அளித்திருந்தார்கள். ஞாயிறன்று பெருவிழாவில் உறவினர் எவரும் எட்டிப் பாராத முதியோருக்கு அப்பம் ஊட்டும் கடமை அவளுடையது.

அவள் காண வந்த பொருள் ஒரு மண்சாடி. தங்கமன்று, பளிங்கன்று, பழமையில் பெயர் பெற்றதுமன்று. அவள் தாய் வீட்டில் தண்ணீர் ஊற்றி வைத்த, இருபுறமும் காதுடைய, குறுகிய வாய்ப் பெருஞ்சாடி. அதன் வயிற்றுப் பகுதியிலே, ஈரம் காயுமுன் ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் அழுத்திய உள்ளங்கைத் தடம் ஐந்து விரலோடும் பதிந்திருந்தது. சிறுவன் அவள் தம்பி லாம்ப்ரோஸ். மாமன் சூளையில் செய்த அக்குறும்புக்காக அவன் வாங்கிய அறையும், ‘கெட்டுப்போன சாடி’ என்று மாமன் அதைத் தாயின் தலையில் கட்டிய கதையும் அவ்வீட்டில் நெடுநாள் சிரிப்பாய் நிலவின. இருபத்திரண்டாம் அகவையில் லாம்ப்ரோஸ் சரக்குக் கப்பலொன்றில் வேலைக்குச் சென்றான்; கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. கடல் அவனுடைய சட்டைப் பொத்தானைக்கூடத் திருப்பித் தரவில்லை. கல்லறை இல்லை. நிழற்படம் ஒன்றுண்டு, அதிலும் அவன் அசைந்துவிட்டதனால் முகமிருக்கும் இடத்தில் ஒரு வெண்புகை மட்டுமே தெரியும். வீட்டை விற்றபோது சாடியும் உடைந்தொழிந்தது என்றே லூக்கியா எண்ணியிருந்தாள். இக்குளிர்காலத்தில் இல்லத்துக்குப் புதிதாய் வந்த தீவுக்காரர் ஒருவர், ‘எங்க ஊர்க் காட்சிக்கூடத்துல குழந்தை கை பதிஞ்ச சாடி ஒண்ணு இருக்கு’ என்று பேச்சோடு பேச்சாய்ச் சொன்ன அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தம்பியின் கைமேல் தன் கையை ஒருமுறை வைத்துவிட்டு வர வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவே.

காட்சிக்கூடம் பெருந்தெருவைப் பார்த்த வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது. பழைய இல்லப்பொருள்களைப் போற்றும் கழகம் ஒன்று அதை நடத்தி வந்தது. பூட்டிய கதவைத் தட்டித் தட்டிக் கை நொந்து இறங்கியவளைக் கீழே காப்பிக்கடை வைத்திருந்த மெரோப்பி அழைத்து உட்கார வைத்தாள். மெரோப்பி பருத்த உடலும் பெருத்த குரலும் உடையவள்; தெருவில் எவர் எதற்காக நடக்கிறார் என்பதை அறியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

“திங்கட்கிழமைல வந்து கதவைத் தட்டுறியே, உனக்கென்ன கிறுக்கா? உலகத்துல எந்தக் கூடம் திங்கட்கிழமை திறந்திருக்கு?”

“தகட்டுல திங்கட்கிழமையும் போட்டிருக்கே அக்கா.”

“தகட்டுல ஆயிரம் போட்டிருக்கும். அந்தத் தகடு என் கல்யாணத்துக்கு முந்தி அடிச்சது. இப்ப என் புருஷனே இல்ல, தகடு மட்டும் இருக்கு. நாளைக்கு வா. அர்செனிஸ் இருப்பான், அவன்தான் சாவிக்காரன்.”

செவ்வாய்க்கிழமை கதவு திறந்தே இருந்தது! லூக்கியாவின் நெஞ்சு துள்ளியது. ஆனால் வாயிலின் குறுக்கே கயிறொன்று கட்டியிருந்தது. உள்ளே இருவர் முழந்தாளிட்டுத் தரைப்பலகைகளுக்கு மெருகெண்ணெய் பூசிக்கொண்டிருந்தனர். வெளியே படியில் பெருவயிறும் நரைமீசையுமாய் அமர்ந்திருந்த காவலர் அர்செனிஸ், இரு கோல்களால் தம் முழங்காலையே முழவாக்கி ஏதோ தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நகர இசைக்குழுவில் பெருமுரசு கொட்டுபவர். திருவாரத்தில் காட்சிக்கூடம் அவருக்கு இரண்டாவது வேலை, மற்ற வாரங்களிலும் ஏறத்தாழ அப்படியே.

“உள்ள வர முடியாதும்மா. வார்னிஷ் அடிக்கிறாங்க. கால் வச்சா ஒட்டிக்கும்.”

“எட்டிப் பார்க்கட்டுமா? கை பதிஞ்ச சாடி ஒண்ணு...”

“அது உள்ரூம்ல இருக்கு. இங்கேருந்து தெரியாது. காயட்டும்மா. நாளைக்கு, நாளன்னைக்கு.”

“ரெண்டு நாளா? எதுக்கு இந்த வாரம் பார்த்து வார்னிஷ் அடிக்கிறீங்க?”

“தலைவர் சொன்னார், அடிக்கிறோம். அவர் வீட்டு விருந்தாளிங்க வர்றாங்களாம். நான் என்னத்தக் கண்டேன், எனக்கு முரசு இருக்கு.”

எண்ணெய் காயும் வரை காத்திருப்பதைவிடக் கொடுமையான பணி உலகில் இல்லை. அன்று மாலையும் மறுநாளும் அவள் சும்மா இராமல், அர்செனிஸ் உள்ளறையை எட்டிப் பார்த்தே பல நாள் ஆகியிருக்கும், கழகத்தார் சில பொருள்களைப் பிற கூடங்களுக்குக் கடன் கொடுத்ததுண்டு என்று மெரோப்பி எடுத்துக் கொடுத்த சொல்லைப் பற்றிக்கொண்டு, நகரின் மற்றச் சிறு கூடங்களை ஏறி இறங்கினாள். அவள் கேடு, என்றும் பூட்டிக் கிடக்கும் அவை எல்லாம் அவ்வாரம் பார்த்துத் திறந்திருந்தன. கடல்முடிச்சுகளும் நங்கூரங்களும் வைத்த கூடத்தில், பார்வையாளரைக் கண்டு பல நாள் ஆனதோ என்னவோ, காவற்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் கட்டிக் காட்டினாள். சங்கும் சிப்பியும் நிறைந்த கூடத்தில் அடுக்கின் முடிவு காணுமுன் அவளுக்குத் தலை சுற்றியது. பழைய இசைக்கருவிக் கூடத்தின் முதியவரோ, நசுங்கிய ஊதுகொம்பு ஒவ்வொன்றும் எந்த ஊர்வலத்தில் எவன் காலடியில் நசுங்கியது என்று விரித்துரைத்தார். அவர்கள்மேல் குற்றம் இல்லை, அன்பாகத்தான் காட்டினார்கள். ஆனால் வேண்டாதவற்றையெல்லாம் பூப்போல ஏந்தி நீட்டிவிட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் பூட்டிப் போட்ட இந்நகரத்தின்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் வருகிறது.

புதன் மாலை, கழகத்தின் தலைவர் சொர்தினாஸ் படியிறங்கி வருகையில் அவரையே வழிமறித்தாள். வெள்ளைத் தாடியை அளவாய்க் கத்தரித்து, வெள்ளிப்பூண் கைத்தடி ஊன்றி, தம் நிழலையும் நேராய் விழும்படி நடத்திச் செல்லும் மனிதர் அவர். அவள் தம்பியையும் சாடியையும் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாய்க் கேட்டார். அந்தப் பொறுமையே அவளுக்கு நம்பிக்கையூட்டியது.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இந்த வாரம் கூட்டம் ஜாஸ்தி. ஒருத்தருக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும். எவனாவது கை பட்டு உடைச்சிட்டா? செவ்வாய்க்கிழமை வாங்க, தாராளமாப் பாருங்க.”

“சனிக்கிழமையே நான் போயிடுவேன் ஐயா.”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? பொருளைக் காக்கிறதுதான் எங்க வேலை. காட்டுறதெல்லாம் அப்புறம்தான்.”

அவர் தொப்பியை உயர்த்தி விடைபெற்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் அடித்திருந்தாலும் அவளுக்கு அத்துணை வலித்திராது.

வியாழக்கிழமை திறவுகோல் அர்செனிஸின் சீருடைக் காற்சட்டைப் பையில் இருந்தது. காற்சட்டை சலவைக்காரரிடம் இருந்தது. சலவைக்காரர் தேவாலயத்தில் இருந்தார். பெரிய வெள்ளியன்று நகரில் எதுவுமே திறக்கவில்லை. இறைமகனின் பாடையை மலர்களால் மூடி ஒவ்வொரு கோவிலாரும் ஊர்வலமாய்ப் புறப்பட, முன்னே இசைக்குழுவினர் துயரிசை முழக்கிச் செல்ல, விளக்குகளுக்கெல்லாம் கருநீலத் துணி போர்த்திய பெருந்தெருவில் மெழுகுத்திரிகளின் ஒளி மட்டும் ஆறாய் ஒழுகியது. பகல் ஊர்வலத்துக்கும் இரவு ஊர்வலத்துக்கும் நடுவே கிடைத்த சிறு இடைவெளியில், தலையில் பித்தளைக் கவசமும் அதன் உச்சியில் இறகுக் கொத்துமாய், முரசைக் கீழே இறக்கி வைத்து மெரோப்பி கடையில் அர்செனிஸ் மூச்சு வாங்கினார். மெரோப்பியோ மறுநாளுக்கென வாங்கி அடுக்கிய மண்சாடிகளின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். லூக்கியா மூலையில் அமர்ந்திருந்தாள். அவள் அழவில்லை, அழுகையைத் தாண்டிய வெறுப்பில் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

“நாலு நாளா அலையுறா, மூஞ்சியப் பாரும் இவ மூஞ்சிய,” என்றாள் மெரோப்பி. “சாவி இப்பதான் உம்ம பையில இருக்கே. ஏறித் திறந்து விட்டா உம்ம கவசம் கழண்டு விழுந்துடுமா?”

“அடி ஏன்டி, தலைவர் எதிர்த்தாப்புல மெழுகுத்திரியோட நிக்கிறாரு, பாரு. இவங்களை உள்ள விட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கே என் சீட்டைக் கிழிச்சிடுவாரு. நான் போனா கேக்க மாட்டாரு, காவக்காரன்தானே.”

“செருப்பைக் கழட்டிட்டு வர்றேன் அண்ணே. ஒரு நிமிஷம்,” என்றாள் லூக்கியா.

“கேளும்மா, கேளு.” அர்செனிஸ் மீசையைத் தடவினார், தெருவைப் பார்த்தார், மேலே இருண்டிருந்த சாளரத்தைப் பார்த்தார். அவர் உள்ளம் இளகிவிட்டது. “ஒண்ணு செய்றேன். நான் போய்ச் சாடிய உள்ரூம்லேர்ந்து தூக்கிட்டு வந்து, தெரு ஜன்னல் திண்டுல வச்சிடறேன். கை பதிஞ்ச பக்கம் தெருவைப் பார்த்து இருக்கட்டும். காலைல வெயில் நேரா அங்கதான் அடிக்கும். கீழ நின்னு கண்ணு குளிரப் பாருங்க. தொட முடியாது. பார்க்கலாம்.”

லூக்கியா எழுந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இவ்ளோ உசரத்துல இருந்தா இவளுக்கு அடையாளம் தெரியுமாய்யா?” என்றாள் மெரோப்பி. “இந்தா, இந்த ரிப்பனைக் கழுத்துல கட்டி விடும். சிவப்பா இருந்தா பளிச்சுன்னு தெரியும்.”

கட்டி முடித்த சாடிகளின் நடுவிலிருந்து ஒரு செந்நாடாவை உருவி அவள் நீட்டினாள். அர்செனிஸ் அதை வாங்கிக் கவசத்துக்குள் செருகிக்கொண்டு, காலுறையோடு, மெருகிட்ட தரையில் பூனைபோல் நடந்து, சொன்னபடியே செய்து முடித்து இறங்கி வந்து, முரசைத் தூக்கிக்கொண்டு தம் குழுவை நோக்கி ஓடினார்.

வாசகரே, நீவிர் வினவுவீர்: மூவரும் இம்மண்ணில் பிறந்தவர்கள், மறுநாள் என்ன நாள் என்பதை மூவரில் ஒருவருமா நினைக்கவில்லை? நினைக்கவில்லை. அந்நாளுக்கான சாடிகளின் நடுவே அமர்ந்துகொண்டே நினைக்கவில்லை. பிறந்த நாள்முதல் கண்முன்னே இருப்பது கண்ணில் படுவதில்லை. மூக்கு நம் பார்வையில் எந்நேரமும் நிற்கிறது, யார் அதைப் பார்க்கிறோம்? பெரிய சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு முதல் உயிர்ப்பின் மணியோசை எழும். எழுந்தவுடன் நகரத்தார் தம் சாளரங்களிலும் மாடங்களிலும் செந்நாடா கட்டி நீர் நிரப்பி வைத்த மண்சாடிகளை ஆரவாரத்துடன் தெருவில் எறிந்து உடைப்பர். பழைய ஆண்டின் தீமையெல்லாம் அவ்வோசையில் நொறுங்கும் என்பது நம்பிக்கை. அன்று இந்நகரில் சாளரத் திண்டில் செந்நாடாவோடு நிற்கும் சாடிக்கு ஒரே பொருள்தான் உண்டு.

சனியன்று விடிந்ததுமே லூக்கியா பெட்டியும் கையுமாய்ப் புறப்பட்டாள். ஆனால் காலையிலேயே புனிதரின் திருவுடல் ஊர்வலம் வெளிப்பட, காவலர்கள் குறுக்குத் தெருக்களைக் கயிறிட்டு அடைத்துவிட்டனர். ‘அந்தப் பக்கம் போங்க’ என்றார் ஒருவர். அந்தப் பக்கத்தில் நின்றவர் ‘இந்தப் பக்கம் போங்க’ என்றார். பெட்டியோ ஒவ்வொருவர் முழங்காலிலும் இடித்து வசை வாங்கித் தந்தது. ஐந்து நாள் சினம் அவளுக்குள் உலைநீராய்க் கொதித்தது. அக்கரையிலிருந்து படகு படகாய் வந்திறங்கி, தெருவை அடைத்துக்கொண்டு, படமெடுக்கும் கருவிகளை உயர்த்தி நின்ற அத்தனை பேரையும் அவள் வெறுத்தாள். இடித்தும் நுழைந்தும் அவள் மெரோப்பி கடையின் தாழ்வாரத்தை எட்டியபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டிருந்தது.

“வந்துட்டியா! எங்கடி போய்த் தொலைஞ்ச? மேல பாரு, மேல!” என்று மெரோப்பி அவள் தோளைப் பிடித்து எதிர்ப்புறச் சுவரோரம் நிறுத்தினாள்.

பார்த்தாள். இரண்டாம் மாடிச் சாளரத் திண்டில், முழு வெயிலில், செந்நாடா அசைய நின்றது அவர்கள் வீட்டுச் சாடி. காதுகளில் ஒன்று சற்றே கோணியிருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். இப்போது நினைவு வந்தது. வயிற்றின் நடுவே, வெயில் சாய்வாய் விழுந்து பள்ளங்களில் நிழல் தேங்கியதனால், ஐந்து விரலும் விரிந்த சின்னஞ்சிறு உள்ளங்கை, ‘நில்’ என்று தெருவைப் பார்த்துச் சொல்வதுபோல் தெளிவாய்த் தெரிந்தது. லூக்கியாவின் ஐந்து நாள் சினமும் இருந்த இடம் தெரியாமல் அவிந்தது. “லாம்ப்ரோஸ்,” என்றாள். அவள் அவனைப் பெயரிட்டு அழைத்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பிறகுதான் அவள் கண்கள் அடுத்த சாளரத்துக்குச் சென்றன. அங்கும் ஒரு சாடி. அதன் கழுத்திலும் செந்நாடா. அதற்கடுத்ததிலும். தெருவின் இருமருங்கும், கண் எட்டும் வரை, சாடிகள், செந்நாடாக்கள். மறந்திருந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. அதே நொடியில் கூடத்துச் சாளரத்தில் வெள்ளைத் தாடி தோன்றியது. தலைவர் சொர்தினாஸ், பின்னே பட்டும் கண்ணாடியுமாய் நின்ற விருந்தினருக்கு எதையோ விளக்கிக்கொண்டே, சட்டைக் கைகளை மடித்துவிட்டார். இவர்கள் நின்று எறிவதற்காகத்தான் தரைக்கு மெருகிட்டதும், ஊராருக்குக் கதவடைத்ததும். அவர் குவளையால் நீர் மொண்டு சாடியின் வாயில் ஊற்றினார்.

“ஐயோ... அது வேண்டாம்! அதைப் போடாதீங்க! ஐயா!”

“தலைவரே! அது நம்ம சாடி! கூடத்துச் சாடி! வச்சிடுங்கய்யா கீழே!” என்று மெரோப்பியும் இரு கைகளையும் வீசிக் கத்தினாள்.

கையை வீசிக் கத்தும் இரு பெண்களைக் கண்ட கூட்டம் அதை விழாக் களிப்பென்றே கொண்டது. “போடு! போடு! பெருசாப் போடு!” என்று ஆயிரம் தொண்டைகள் அவர்களோடு சேர்ந்துகொண்டன. தலைவர் அதைக் கேட்டு முறுவலித்து, மக்கள் விரும்பியதை வழங்கும் பெருந்தகையாய்த் தலை தாழ்த்தினார். மணிகள் முழங்கின. அவர் சாடியை இரு காதுகளிலும் பற்றித் தலைக்கு மேல் உயர்த்தினார். குழந்தைக் கை வானத்தைப் பார்த்தது. பின்னர் அது தெருவை நோக்கி வந்தது.

அவ்வோசையை லூக்கியா தனியே கேட்கவில்லை. நூறு சாளரங்களிலிருந்து நூறு சாடிகள் ஒருங்கே வீழ்ந்த இடிமுழக்கத்தில் அதுவும் ஒன்றாய்க் கலந்து போயிற்று. அவள் ஓடினாள், விழும் ஓடுகளுக்கிடையே ஓடியவளைக் காவலர் ஒருவர் இடுப்பைப் பிடித்து இழுத்து, “செத்துப் போகணுமா உனக்கு?” என்று சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவர் பிடி தளர்ந்தபோது எறிதல் ஓய்ந்திருந்தது. கூட்டம் ஓட்டாஞ்சில்லு பொறுக்கத் தெருவில் பாய்ந்திருந்தது. உடைந்த ஓடு ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் ஆண்டு முழுதும் நல்லது நடக்கும் என்பார்கள். லூக்கியா மண்டியிட்டு, பெரியோர் சிறியோர் கைகளுக்கிடையே தன் கையையும் விட்டு, ஈரச் சேற்றில் துழாவினாள். விரல் கிழிந்தது. கிடைத்தது: ஒரு கையளவு ஓடு, அதில் உள்ளங்கையும், பெருவிரலும், அதையடுத்த மூன்று விரலும். சிறுவிரலை மட்டும் காணவில்லை.

அதற்குள் தெருமுனையில் அணிவகுத்து நின்ற குழுவிலிருந்து அர்செனிஸ் முரசோடு ஓடி வந்தார். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தலைவரும் விருந்தினர் பாராட்ட இறங்கி வந்தார். அர்செனிஸ் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டு நின்றார். அவர் தாடி ஒருமுறை நடுங்கியது. பிறகு நிமிர்ந்துகொண்டார்.

“ரிப்பன் கட்டி ஜன்னல்ல வச்சா வேற எதுக்குன்னு நினைக்கிறது? அர்செனிஸ் எனக்காகத்தான் எடுத்து வச்சிருக்கான்னு நினைச்சேன்.” அவர் லூக்கியாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். “நடந்தது நடந்து போச்சும்மா. அந்தத் துண்டைக் குடுங்க. அது கழகத்துச் சொத்து. கிடைக்கிற துண்டையெல்லாம் ஒட்டி, கண்ணாடிக்குள்ள வச்சிடுவோம். செவ்வாய்க்கிழமை வந்து பாருங்க.”

செவ்வாய்க்கிழமை! அந்தச் சொல்லைக் கேட்டதும் மெரோப்பி வாயில் கையை வைத்துக்கொண்டாள். லூக்கியா மெல்ல எழுந்தாள். முழங்கால் இரண்டும் சேறு; விரலிலிருந்து குருதி ஓட்டின்மேல் சொட்டியது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

“ஐயா, நீங்க எறிஞ்சீங்க,” என்றாள். “தெருவுல விழுந்துச்சு. நான் பொறுக்கினேன். தெருவுல விழுந்தது பொறுக்கினவங்களுக்கு. நம்ம ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?”

சூழ நின்றவர்களுக்குக் கதை முழுதும் தெரியாது. ஆனால் வழக்கம் தெரியும். “சரிதானே தலைவரே! பொறுக்கினவங்களுக்குத்தானே!” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “நாங்க வச்சிருக்கிறதையும் புடுங்குவீங்களோ?” என்றாள் மற்றொருத்தி. நீட்டிய கையைத் தலைவர் மடக்கிக்கொண்டார். தோற்றவரின் பணிவோடு மாடியைக் காட்டினார்.

“மேல வாங்கம்மா. கதவு திறந்துதான் இருக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்து பாருங்க.”

லூக்கியா அண்ணாந்து பார்த்தாள். மாடிச் சாளரக் கதவுகள் அகலத் திறந்திருந்தன. உள்ளே மேற்கூரையில் மெருகிட்ட தரையின் ஒளி கண்ணாடியாய் மின்னியது. அவள் பெட்டியைத் தூக்கினாள். அர்செனிஸ் அதை அவள் கையிலிருந்து பறித்துத் தம் தோளில் வைத்துக்கொண்டு, முரசைத் தெருவிலேயே போட்டுவிட்டு, துறை வரை அழுதுகொண்டே நடந்தார். பெருமுரசு இல்லாமல் களிப்பிசை முழக்கிச் சென்ற குழுவினரின் நடை அன்று கோணலாகவே இருந்தது.

கப்பல் துறையை விட்டு நீங்கியதும் லூக்கியா தளத்தின் ஓரமாய் அமர்ந்து, மடியிலிருந்த ஓட்டைத் துடைத்து, அதன்மேல் தன் வலக்கையை வைத்தாள். முதியோரை எடுத்துக் கிடத்திக் காய்த்துப்போன அகன்ற கை. அதன் அடியில் தம்பியின் கை முழுதாய் மறைந்துவிட்டது. குளிர்ந்திருந்த மண் சிறிது நேரத்தில் அவள் சூட்டை வாங்கிக்கொண்டது. கடல் அன்று மிகத் தெளிவாய், அமைதியாய், எதையும் அறியாததுபோல் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது அக்கூடம் செவ்வாய்தோறும் திறந்திருக்கிறது. நானே சென்று வந்தேன். உள்ளறையில் வெறும் அடுக்கொன்றின் கீழ் ‘நீர்ச்சாடி, கைத்தடத்துடன்’ என்ற எழுத்தை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அர்செனிஸ் வருவோர் எல்லாரையும் அங்கே அழைத்துச் சென்று நிறுத்துகிறார். பூட்டி வைத்ததையே காத்ததாய் எண்ணிக்கொள்ளும் நகரங்கள் உலகில் இதுபோல் பல இருக்கும். என் சினத்தால் அவற்றின் ஒரு கதவும் திறக்கப் போவதில்லை. நான் நினைத்துக்கொள்வது அந்தச் சிறுவிரலைத்தான். அன்று அத்தெருவில் நின்ற யாரோ ஒருவர் அதை எடுத்துச் சென்றிருக்கிறார். அயலூர் வீடொன்றில், சமையற்கட்டின் மேலடுக்கில், நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையோடு அது வைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள சிறு பள்ளம் எதனால் விழுந்தது என்று அவ்வீட்டார் அறியமாட்டார்கள்.